கையால் தள்ளக் கூடாத எஞ்சின்

நான் செய்த பொம்மை ரயிலின் டீசல் எஞ்சினைக் கையால் தள்ளக் கூடாது. ஒரு சாண் நீளம்தான். ஆனால் உள்ளே நடுவில் மோட்டார், இரண்டு பக்கமும் தண்டு, தண்டின் முனையில் திருகு போன்ற கியர். அது பல்சக்கரத்தைச் சுற்ற, வண்டி ஓடும். மோட்டார் சுற்றினால் சக்கரம் சுற்றும். சக்கரத்தைத் தள்ளினால் மோட்டார் சுற்றாது, பல்தான் உடையும்.

மோட்டாரையும் தண்டையும் இணைக்க எதை மாட்டினாலும் வளைவில் கழன்றுவிடும். நாலு மாதம் திண்டாடினேன். கடைசியில் மொரப்பூர் சைக்கிள் கடையில் வால்வு டியூப் என்கிற மெல்லிய ரப்பர் குழாய் வாங்கி, இரண்டு துண்டு வெட்டி, பக்கத்துக்கு ஒன்றாக மாட்டினேன். வளைந்து கொடுத்தது. சமையலறையில் தனியாக நின்று கைதட்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. எஞ்சின் பக்கமெல்லாம் இல்லை, விடுப்புக் கடிதங்களைக் கோப்பில் கோர்க்கிற வேலை. ஆனாலும் வருகிறவர்கள் அவரிடம்தான், "நீங்க செஞ்சதுங்களா?" என்பார்கள். அவர், "சும்மா பொழுது போகணும்ல" என்று சிரிப்பார். நோகாமல் நுங்கு தின்பது என்றால் இதுதான்.

போன வருடம் தருமபுரியில் ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சி. அழைப்பிதழில் அவர் பெயர். எஞ்சின் வைத்த பெட்டியைத் தூக்கியது நான். "அங்கயாவது நான் செஞ்சதுன்னு சொல்லுங்க" என்று பஸ்ஸில் கேட்டேன். தலையாட்டினார்.

தண்டவாளத்தில் தூசியோ என்னவோ, பாதி வழியில் எஞ்சின் நின்றுவிட்டது. "என்னாச்சு சார்?" என்று தலைமையாசிரியர் அவரைக் கேட்டார். இவர் பெரிய மனுஷராக விரலை வைத்து அழுத்தித் தள்ளினார். "ஏங்க, தள்ளாதீங்க!" என்று நான் கத்துவதற்குள் 'டக்' என்றது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைச் செய்தவள் கனவில்கூட அப்படித் தள்ளமாட்டாள். எல்லோர் முன்னாலும் மூடியைக் கழற்றி, உடைந்த பல்சக்கரத்தை எடுத்துவிட்டு, கைப்பையில் இருந்த வேறொன்றை மாட்டி, தண்டவாளத்தைத் துடைத்தேன். ஓடியது. இனி யாருக்கும் சொல்லவேண்டியதில்லை என்று நினைத்தேன்.

தலைமையாசிரியர் என் வீட்டுக்காரர் தோளைத் தட்டினார். "வூட்டுக்காரம்மாவுக்கு நல்லா ட்ரெயினிங் குடுத்திருக்கீங்க சார்!"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டு டியூப் துண்டுகளையும் உருவி பர்ஸுக்குள் போட்டேன். மூடியைத் திருகினேன். வண்டியை ஓட்டும் குமிழ்ப் பெட்டியை அவர் கையில் கொடுத்து, "இப்ப நீங்களே ஓட்டிக் காட்டுங்க" என்றேன்.

குமிழைத் திருப்பினார். உள்ளே மோட்டார் அருமையாகச் சுற்றுகிற சத்தம் கேட்டது. எஞ்சின் அசையவில்லை.

"ஏன் சார் நகரல?"

என் வீட்டுக்காரர் மறுபடியும் விரலை நீட்டினார்.