பூட்டிய கோவிலுக்கு ஓர் உபதேசியார்

கதவு பூட்டிக் கிடக்கும் கோவிலுக்கு உபதேசியார் எதற்கு?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் என் தகப்பனார். அவர் கேட்ட விதம் இன்னும் காரமானது.

“ஏலே, பூட்டுன கோவிலுக்கு எதுக்குலே உபதேசியாரு? கதவுக்கா செபஞ்சொல்லப் போற?”

அவர் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கேற்றிப் போகும் தோணி ஒன்றின் தண்டல், அதாவது தலைமை மாலுமி. வாழ்நாள் முழுவதும் பாய்க்கும் காற்றுக்கும் உத்தரவு போட்டுக் களைத்தவர். தம் மகனாவது துறைமுக ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சம்பளம் வாங்கவேண்டும் என்பதற்காகவே என்னைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பி பி.ஏ. படிக்கவைத்தார். யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. ஆபீஸ் வேலையும் ஏறத்தாழ உறுதியாகியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்தான் எல்லாம் மாறியது. தெற்குக் கரையிலுள்ள ஒரு பங்கின் சாமியார் எங்கள் கோவிலுக்கு வந்திருந்தார். பிரசங்கம் முடிந்தபின், தம் பொறுப்பிலிருந்த சிற்றூர் ஒன்றைப் பற்றிச் சொன்னார். அங்கே மீனவர் தெருக்கள் இரண்டு. இரண்டுக்கும் நடுவே மாதா கோவில். முந்திய திருவிழா ஒன்றில் மாதாவின் சப்பரத்தை முன்கம்பு பிடித்துத் தூக்குவது யார் என்று இரு தெருவாரும் மோதிக்கொண்டார்கள். மண்டைகள் உடைந்தன. சப்பரம் சரிந்து, மாதா சுரூபத்தின் விரலொன்றும் உடைந்தது. சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியார் கோவிலைப் பூட்டச் சொல்லிவிட்டார். அதுமுதல் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் அடுத்த ஊரில். இறந்தவர்களுக்கு மணியோசை இல்லை. அங்கே செபமும் ஞானோபதேசமும் சொல்லிக்கொடுத்த உபதேசியார் இரண்டு பக்கமும் அடிவாங்கி ஓடிப்போனார்.

“வருகிற தை மாதத் திருவிழாவுக்குள் இரண்டு தெருவும் சேர்ந்து வந்து என்னிடம் சாவி கேட்கவேண்டும். இல்லையென்றால் மாதா சுரூபத்தைப் பங்குக் கோவிலுக்கு எடுத்துப்போய்விடச் சொல்லி உத்தரவாகியிருக்கிறது. அதற்குமுன் அங்கே போய் இருக்க ஒருவர் வேண்டும். படித்தவர், பொறுமைசாலி, அடிவாங்கவும் சம்மதமுள்ளவர்” என்றார் சாமியார். சபையில் சிரிப்பு எழுந்தது. எழுந்து நின்றவர் யாருமில்லை.

நானும் எழவில்லை என்பதைச் சொல்லியாகவேண்டும். நான் விளைவுகளை எடைபோடுகிற சுபாவமுள்ளவன். போய்த் தோற்றால் சுரூபம் போகும். பழி என்மேல் வரும். போனால் தங்கையின் கலியாணத்துக்குச் சம்பளப் பணம் வராது. தகப்பனார் இன்னும் சில வருஷம் கடலில் அலையவேண்டியிருக்கும். போகாவிட்டால்? வேறு யாராவது போவார்கள் என்று மனம் வசதியாகப் பதில் சொன்னது. ஆனால் சுற்றிலும் பார்த்தேன். அந்தக் கோவிலில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் இதே எடையைப் போட்டு இதே பதிலுக்கு வந்திருந்தார். வேறு யாரும் போகப்போவதில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. பூசை முடிந்ததும் சாமியார் உடை மாற்றும் சக்கிரீஸ்துக்குள் சென்று, “சாமி, நான் வருகிறேன்” என்றேன்.

வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. புறப்படும் காலையில் அம்மாதான் மௌனத்தை உடைத்தாள். “போறவன் போட்டும் விடுங்க. அடிபட்டு வந்தாம்னா மருந்து போட நான் இருக்கேம்லா.” தகப்பனார் தம் கம்பளியை எடுத்து என் பெட்டிமேல் வைத்தார்.

கரிவாயுவில் ஓடும் பஸ் ஒன்று என்னைப் பாதி வழியில் இறக்கிவிட்டது. தேரிமணலில் மிச்ச தூரத்தை நடந்து கடந்தேன். கோவில் சிறியது. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். உப்புக்காற்றில் துருவேறிய பூட்டு. படியிடுக்கில் முளைத்த புல். பக்கத்துச் சன்னல் பலகையில் ஒரு விரிசல் இருந்தது. அதன் ஓரம் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. ஊரார் தனித்தனியே வந்து, கண்ணை வைத்து உள்ளேயிருக்கும் மாதாவைப் பார்த்துவிட்டுப் போவார்கள் என்று பிறகு அறிந்தேன்.

கோவிலை ஒட்டிய அறையில் தங்கினேன். எந்தத் தெருவில் தங்கினாலும் அந்தத் தெருக்காரன் ஆகிவிடுவேன். ஆனால் சோற்று விஷயத்தில் அந்த எச்சரிக்கை பலிக்கவில்லை. வடக்குத் தெருவின் சம்மாட்டி, அதாவது அந்தத் தெருப் படகுகளுக்குச் சொந்தக்காரர், முதல் நாளே சாப்பாடு அனுப்பினார். அது தெரிந்ததும் தெற்குத் தெருச் சம்மாட்டியும் அனுப்பினார். ஒன்றைத் திருப்பினால் சண்டை. இரண்டையும் உண்டால் வயிறு தாங்காது. நான் வயிற்றைப் பணயம் வைத்தேன்.

தெற்குத் தெருவில் மீன் விற்கும் பெண் ஒருத்தி இருந்தாள். கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள். அவள் வாய்க்கு அந்த ஊரே அஞ்சும். பெட்டியைத் தலையில் வைத்தபடி என் வாசலில் நின்று கேட்டாள்:

“என்ன உபதேசியாரே, ரெண்டு தெருக் கொழம்பும் ஒரே வயித்துல கெடக்கே. உள்ள சண்ட வரலியா?”

“இதுவரை சமாதானமாகத்தான் இருக்கின்றன.”

“அப்பம் எங்க ஊர உம்ம வயித்துக்குள்ள குடிவச்சிரும்.”

அன்று மாலை கோவில் வாசற்படியில் உட்கார்ந்து செபமாலை சொல்லத் தொடங்கினேன். கேட்க எவருமில்லை. மங்கள வார்த்தை செபத்தின் முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர்கள் சொல்வது எங்கள் வழக்கம். நானே முன்பாதியைச் சொல்லி, நானே பின்பாதியையும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது சந்தையிலிருந்து திரும்பிய அந்தப் பெண் சற்றுத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தாள். நிற்கவில்லை, ஆனால் நான் முன்பாதியை முடித்ததும் அவள் வாயிலிருந்து பின்பாதி வந்துவிட்டது. எங்கள் கரையில் பிறந்த நாக்கு முன்பாதி காதில் விழுந்தால் சும்மா இருக்காது. நான் அடுத்ததைச் சொன்னேன். அவள் நடந்தபடியே பதில் சொன்னாள். ஐந்தாறு செபம் போனபின் பெட்டியை இறக்கிவைத்து மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

சில வாரங்களில் இரண்டு தெருவாரும் வரத் தொடங்கினார்கள். வடக்கார் படியின் வடக்கே, தெற்கார் தெற்கே. நடுவில் ஒரு படகு போகுமளவு வெறுமணல். எனக்கு உற்சாகம் பொங்கியது. அந்த உற்சாகத்தில், ஒரு பக்கம் முன்பாதியும் மறுபக்கம் பின்பாதியும் சொல்லட்டும் என்றேன்.

“முன்பாதி யாருக்கு?” என்றார் வடக்குச் சம்மாட்டி.

முன்கம்பு முன்பாதியாக வந்து நின்றுவிட்டது. நான் படித்தவனுக்குரிய தீர்வைச் சொன்னேன்: செபமாலையின் முதல் பத்து மணிகளுக்கு வடக்கார் முன்பாதி, அடுத்த பத்துக்குத் தெற்கார், இப்படி மாறி மாறி. எல்லாரும் தலையசைத்தார்கள். தெற்குச் சம்மாட்டி மட்டும் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

“இருமய்யா. செபமாலைக்குப் பத்து அஞ்சுல்லா? அவுகளுக்கு மூணு, எங்களுக்கு ரெண்டா?”

மாதாவே, ஐந்து ஏன் ஒற்றைப்படையாய்ப் போயிற்று என்று நான் தவித்தேன். வடக்கிலிருந்து ஒருவன், “கணக்குத் தெரியாதவனுவன்னு நெனைச்சோம், தெரிஞ்சு வச்சிருக்கானுவ” என்று கிண்டலடித்தான். தெற்கில் சிலர் எழுந்துவிட்டார்கள். ஆட்கள் கலையும் தருணத்தில் அந்த மீன்காரப் பெண்ணின் குரல் கேட்டது.

“ஏளா வடக்குத் தெருப் பொம்பளையளா! அஞ்சாவதுக்கு நீங்களும் நாங்களுமா முன்பாதி சொல்லுவோம். இவனுவ ரெண்டு பக்கமும் பதில் சொல்லட்டும். இல்லன்னா விடிய விடிய எண்ணிக்கிட்டுக் கெடப்பானுவ.”

பெண்கள் சிரித்தார்கள். ஆண்கள் வேறு வழியின்றி உட்கார்ந்தார்கள். அன்று ஐந்தாவது பத்தில் இரண்டு தெருப் பெண்களின் குரலும் ஒன்றாக எழுந்தது. இரு தெரு ஆண்களும் அதற்கு ஒரே குரலில் பதில் சொன்னார்கள். நடுவிலிருந்த வெறுமணல் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதன்மேல் சத்தம் கடந்துபோயிற்று.

மார்கழி பிறந்தது. நான் இரண்டு சம்மாட்டிகளிடமும் மாறி மாறி நடந்தேன். பிளவினால் விளையும் கேட்டை எடுத்துச் சொன்னேன். ஒன்றாக இழுத்தால்தான் கரைவலைக்குப் பலன். இவர்கள் பிரிந்ததால் பெரிய வலை கொட்டகையில் மக்கியது. மீன் வாங்கும் வியாபாரி வடக்கே போய்த் தெற்கின் விலையையும், தெற்கே போய் வடக்கின் விலையையும் காட்டி இரண்டையும் இறக்கினான். இதெல்லாம் அவர்களுக்கே தெரியும். ஆனாலும் வடக்குச் சம்மாட்டி, “நாங்க போய்ச் சாவி கேட்டா நாங்க தப்பு செஞ்சதாவுல்லா ஆயிரும்” என்றார். தெற்குச் சம்மாட்டி ஒருபடி இறங்கிவந்தார். “சேந்து போறதுல எங்களுக்குச் சம்மதந்தான். ஆனா பங்குக் கோவிலுக்குப் போற ஒத்தையடிப் பாதையில எவம் முன்னால நடக்கது?”

அன்றிரவு என் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தகப்பனார் கேட்டதே சரியோ என்று தோன்றியது.

மறுநாள் மீன்காரப் பெண்ணே வந்தாள். கூட வடக்குச் சம்மாட்டியின் மனைவியும் நின்றிருந்தாள். அதுவே எனக்கு வியப்பு.

“உபதேசியாரே, தெருவு ரெண்டும் வரணும்னு சாமி சொன்னாவ. ஆம்பளைகதான் வரணும்னு சொன்னாவளா?”

நான் நினைவுபடுத்திப் பார்த்தேன். அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் ஆண்களைக் கேளாமல் போனால் வீட்டில் என்ன நடக்கும் என்ற கவலை எனக்கு இருந்தது. அதை மறைக்காமல் சொன்னேன். உதை விழலாம், நான் அதைத் தடுக்க முடியாது.

மீன்காரி பதில் சொல்லுமுன் சம்மாட்டியின் மனைவி பேசினாள். “உத விழுந்தா விழட்டும். ஒருநாள் வலிக்கும். மாதாவ எடுத்துட்டுப் போயிட்டாவன்னா காலமெல்லாம் வலிக்கும்லா.”

விடிந்ததும் நாங்கள் புறப்பட்டோம். பங்குக் கோவில் வழியாக ஆத்தூர்ச் சந்தைக்குப் போகும் பெண்கள் இரண்டு தெருவிலிருந்தும் வழக்கம்போல் மீன்பெட்டியுடன் அதே ஒற்றையடிப் பாதையில் போனார்கள். யார் முன், யார் பின் என்று ஒருவரும் பார்க்கவில்லை. வெயில் ஏறுமுன் போய்ச் சேரவேண்டும் என்பதே அவர்கள் கவலை. நான் கடைசியில் நடந்தேன்.

சாமியார் பங்களா வாசலில் பெட்டிகள் வரிசையாக இறங்கின. சமையற்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் சாமியார் வந்தார்.

“சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி. தெருவு ரெண்டும் வந்திருக்கு. சாவியத் தாங்க” என்றாள் மீன்காரி.

சாமியார் அவர்களைத் தாண்டி வழியைப் பார்த்தார். “ஆண்கள் எங்கே?”

“அவுக வல உலத்துதாவ. தெருவுன்னா ஆம்பள மட்டுந்தானா சாமி?”

சாமியார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் உள்ளே போய்ச் சாவியுடன் திரும்பினார். முகத்தில் அடக்க முடியாத சிரிப்பு இருந்தது. “சப்பரத்தில் மறுபடி கைகலப்பு நடந்தால் ஆயுசுக்கும் பூட்டுத்தான். அதை உங்கள் உபதேசியார் தீர்க்கட்டும்” என்று சொல்லிச் சாவியைச் சம்மாட்டியின் மனைவி கையில் கொடுத்தார். அது மீன்பெட்டிக்குள் கிடந்து ஊர் வந்து சேர்ந்தது.

பூட்டு லேசில் அசையவில்லை. தேங்காயெண்ணெய் ஊற்றித் திருகினோம். கதவு திறந்த சத்தம் கேட்டுக் கரையிலிருந்த ஆண்கள் ஓடிவந்தார்கள். கோபத்தோடு வந்தவர்களும் வாசலில் நின்றுவிட்டார்கள். தரையெல்லாம் காற்றடித்த மணல், வௌவால் நாற்றம், நடுவில் விரலுடைந்த கையோடு மாதா. வடக்குச் சம்மாட்டி தலைப்பாகையை அவிழ்த்தார். யாரும் யாரையும் உதைக்கவில்லை.

எஞ்சியது முன்கம்பு. அன்று மாலையே இரு சம்மாட்டிகளையும் படியில் உட்காரவைத்தேன். ஊரே சுற்றி நின்றது.

வடக்குச் சம்மாட்டியைக் கேட்டேன்: “மாதா சப்பரம் வடக்குத் தெருவுக்குள் நுழைகிறது. அது யார் வீடு?”

“எங்க வீடுதான்.”

“தெற்குத் தெருவார் உங்கள் வீட்டுக்கு வந்தால் முன்னால் நடக்கவிடுவீர்களா, பின்னால் வரச் சொல்வீர்களா?”

“வாரவுகள பின்னால நடக்கவிடுத பழக்கம் எங்க தெருவுல கெடையாது.”

“எங்க தெருவுல மட்டும் உண்டாக்கும்?” என்று தெற்குச் சம்மாட்டி சீறினார்.

“அப்படியானால் வடக்குத் தெருவில் முன்கம்பு தெற்காருக்கு, தெற்குத் தெருவில் முன்கம்பு வடக்காருக்கு. வீட்டுக்காரர் பின்கம்பு பிடிக்கட்டும்” என்றேன்.

இருவரும் அதில் பொறி எங்கே இருக்கிறதென்று தேடினார்கள். கடைசியில் தெற்குச் சம்மாட்டிக்கு ஒன்று அகப்பட்டது. “கோவில் வாசல்லேருந்து தெருமுனை வரைக்கும்?”

“அங்கன நாங்க தூக்குதோம்” என்றாள் மீன்காரி உடனே.

ஊரே சிரித்தது. வடக்குச் சம்மாட்டியும் சிரித்துவிட்டார். “நீ தூக்குனா சப்பரத்தோட எங்களையும் சேத்துத் தூக்கிருவ தாயி. அந்த எடத்துல எவன் தோள் குடுத்தாலும் சரி. என்னவே, சொல்லும்!” அவர் எதிரிலிருந்தவரை நேராகப் பார்த்துப் பேசியது பூட்டு விழுந்தபின் அதுதான் முதல் தடவை. தெற்குச் சம்மாட்டி தலையசைத்தார். “படிச்ச படிப்பு இப்பந்தான் வேல செய்யுது” என்றும் சேர்த்துக்கொண்டார்.

திருவிழா நாளில் கொட்டுமேளத்தோடு மாதா வெளியே வந்தாள். வடக்குத் தெருமுனையில், சப்பரத்தைத் தரையில் இறக்காமலே, தோளிலிருந்து தோளுக்குக் கம்பு மாறியது. அந்தக் கணத்தில் சப்பரம் சற்றே ஆடியது. நான்கு பக்கமிருந்தும் கைகள் பாய்ந்து தாங்கின; எது எந்தத் தெருக் கை என்று பிரிக்க முடியவில்லை. சப்பரம் நிமிர்ந்தது. தெற்குத் தெரு இளைஞர்கள் முன்கம்பு பிடித்து வடக்குத் தெருவுக்குள் நுழைந்தபோது, வீட்டு வாசல்களில் நின்ற பெண்கள் மாதாவுக்குப் பூத் தூவினார்கள். பிறகு குடத்துத் தண்ணீரை அந்த இளைஞர்களின் கால்களில் ஊற்றினார்கள். தெற்குத் தெருவும் பின்வாங்கவில்லை. வடக்கார் நுழைந்ததும் வீட்டுக்கு வீடு பானக்கம் வந்தது. பின்கம்பு பிடித்த சம்மாட்டிகள் இருவரும் தத்தம் தெருவில் கலியாண வீட்டுத் தகப்பனைப் போல் வேர்த்து, சிரித்து, வந்தவர்களை வழிநடத்தினார்கள். மணி ஓயாமல் அடித்தது. இரண்டு தெருவும் தெரியும் வாசலில் நின்றபடி நான் மணிக்கயிற்றை விடவில்லை. உள்ளங்கை தோலுரிந்ததைச் சாயங்காலந்தான் கவனித்தேன்.

அந்தத் திருவிழாவுக்குப் பிறகு கோவில் பூட்டப்படவில்லை. இரு தெருவும் சேர்ந்து கரைவலை இழுத்தன. வியாபாரி இரண்டு தெருவுக்கும் ஒரே விலை சொன்னான். நான் துறைமுக ஆபீஸ் வேலையை ஏற்கவில்லை. அந்தக் கரையிலேயே உபதேசியாராக இருந்துவிட்டேன்.