காய்ந்து கிடந்த சுவர்

செல்லக்கிளியை வெறும் சித்தாள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். சம்பளம்தான் சித்தாள் சம்பளம். தூத்துக்குடி ஓடைச் சுவரை அவளைப் போல் அறிந்த ஆள் எங்கள் வேலையில் கிடையாது. இருபத்தாறு வருடம் கரணை பிடித்த கொத்தனாரான என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போன ஐப்பசியில், ஓடைக்கரை மேட்டில் குடியிருக்கும் இசபெல்லா வீட்டுக்குப் பின்னால் வெடித்துக் கிடந்த பழைய ஓடைச் சுவரை இடித்துவிட்டுப் புதுக் கான்கிரீட் போட்டோம். சுவருக்குப் பின்னால் மண்ணில் ஊறும் மழைத்தண்ணீர் ஓடைக்குள் வடிய வேண்டும். வடியாவிட்டால் சுவரையே தள்ளிவிடும். அதற்காகச் சுவரில் பதினொரு குழாய்த் துண்டுகள் வைத்தோம். சிமென்ட் பால் இறங்கி அடைத்துக்கொள்ளாமல் இருக்க, செல்லக்கிளி தன் பழைய நீலச் சேலையைக் கிழித்து ஒவ்வொரு குழாயிலும் திணித்தாள். கான்கிரீட் இறுகி அச்சுப் பலகை பிரித்ததும் துணியை உருவிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

மறுநாள் அவள் திருச்செந்தூருக்குக் கிளம்பினாள். கல்யாணமாகி ஒன்பது வருடமாகப் பிள்ளை இல்லை. கந்த சஷ்டி ஆறு நாளும் கோயிலிலேயே கிடந்து விரதம் இருப்பாள், ஒரு வருடம் தவறியதில்லை.

"துணிய மறந்துராதிய அண்ணாச்சி."

"ஏளா, நீ நிம்மதியாப் போயிட்டு வா. நான் பாத்துக்கிடுதேன்," என்றேன்.

பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். மூன்றாம் நாள் பலகை பிரித்ததும் சூப்பர்வைசர் தேவதாசன் வந்து, "நாளைக்கு ஆபீசர் வாராரு, சுவரு பளபளன்னு இருக்கணும்" என்று குதித்தான். அவன் அவசரத்துக்கு நானும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பூசித் தள்ளினேன். துணி ஞாபகமே வரவில்லை. மறுநாள் ஆபீசர் சுவரைத் தடவிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, வெட்கங்கெட்டவனுக்கு.

அன்றைக்குப் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. ஏழாம் நாள் காலையில் சற்று ஓய்ந்தது. செல்லக்கிளி பஸ்ஸை விட்டு இறங்கி, பையோடு நேரே ஓடைக்கு வந்தாள். சுவரைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"இம்புட்டு மழை பெஞ்சிருக்கு. சுவத்துல ஒரு சொட்டு வடியலயே, ஏன் அண்ணாச்சி?"

துணியோடு சேர்த்துப் பூசிவிட்டது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து இசபெல்லா கூப்பிட்டாள். "அண்ணாச்சி, அடுப்படித் தரை பொளந்துகிட்டு வருது. இங்கன வந்து பாருங்க!" அவள் மகள் ஜெமிமா பத்து நாள் பிள்ளையோடு உள்ளே படுத்திருந்தாள்.

"பாக்கதுக்கு நேரமில்லக்கா! பிள்ளையத் தூக்கிட்டு ரோட்டுக்குப் போங்க!" என்று கத்திக்கொண்டே செல்லக்கிளி ஓடைத் தண்ணீரில் இறங்கினாள். உளியும் சுத்தியலுமாக நானும் இறங்கினேன். ஏழே நாள் ஆன, இன்னும் முழுதாக இறுகாத பச்சைச் சுவர். சரிந்தால் முதலில் எங்கள் மேல்தான் விழும்.

என் பூச்சில் ஒரு குழாயும் தெரியவில்லை. "ரெண்டு முழத்துக்கு ஒண்ணு வச்சேன்," என்று அவள் ஓரத்திலிருந்து கையால் அளந்தாள். பையிலிருந்த திருச்செந்தூர் இலை விபூதியைப் பிரித்து, அளந்த இடத்திலெல்லாம் பொட்டு வைத்தாள். பொட்டு வைத்த இடத்தில் நான் அடித்தேன். அவசரத்தில் சுத்தியல் இரண்டு தடவை விரலில் விழுந்தது. நீலத் துணி பிதுங்கி வந்தது. பின்னாலேயே சேற்றுத் தண்ணீர் என் நெஞ்சில் பீய்ச்சியது. மறுபடி தூறல் போட்டது. ஐந்தாவதை உடைக்கும்போது மேலே ஏதோ முறியும் சத்தம். "ஆண்டவரே, இந்தச் சுவரு நின்னாப் போதும்" என்று வாய்விட்டு அழுதேன். பத்தாவது பொட்டில் வெறும் கான்கிரீட்தான் இருந்தது. நாலு விரல் தள்ளி அடிக்கச் சொன்னாள். அங்கே இருந்தது குழாய்.

பதினொன்றும் திறந்து சாயங்காலம்வரை பழுப்புத் தண்ணீர் கொட்டியது. சுவர் நின்றது. இசபெல்லா அடுப்படியில் அந்த விரிசல் இன்னும் இருக்கிறது. ஜெமிமாவின் பிள்ளை அதைத் தாண்டி நடக்கிறான்.

இந்த வருடம் ஓடையின் கீழ்ப்பகுதியில் வேலை. நேற்று சஷ்டி தொடங்கிவிட்டது. செல்லக்கிளி போகவில்லை. பட்டினி வயிற்றோடு நின்று குழாயில் துணி திணித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"ஏளா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. மத்தியான பஸ்ஸப் பிடி. நான் பாத்துக்கிடுதேன்."

அவள் திரும்பவில்லை. துணியை இன்னொரு குத்து குத்தித் திணித்தாள்.

"போன வருசமும் இதத்தான் சொன்னிய, அண்ணாச்சி."