நாலு பேரில் யாருக்கு ஆறு வயசு?

எங்கள் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பட்டப்பெயர் தராசு டீச்சர். கேலிக்கு வைத்த பெயர்தான். அவர் வகுப்பு ஜன்னல் கம்பியில் சட்டை மாட்டும் ஹேங்கர் ஒன்று தொங்கும். இரண்டு முனையிலும் கயிறு கட்டிய ஐஸ்க்ரீம் டப்பாக்கள். அதுதான் தராசு. வீட்டு அலமாரியிலிருந்து தூக்கி வந்தது. அவர் வீட்டுக்காரரின் சட்டை இன்னமும் நாற்காலி முதுகில்தான் கிடக்கிறதாம்.

பக்கத்து வகுப்புக்கு நான் டீச்சர். நடுவில் பாதிச் சுவர்தான் என்பதால் எல்லாமே காதில் விழும், எட்டினால் கண்ணிலும் படும். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

வகுப்புக்கு எந்தப் பொருள் வேண்டும் என்று தேர்ந்தெடுக்க அக்காவிடம் ஒரு வழி இருக்கிறது. பொருளைத் தரையில் வைத்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வார். வாயே திறக்க மாட்டார்.

"புதுசுன்னா பிள்ளைங்க எல்லாம் ஓடி வரும்டி. அதை நம்பாத. விட்டுட்டுப் போன பிள்ளை தானா ரெண்டாவது தடவை திரும்பி வருதா, அதைப் பாரு."

பாட்டுப் பாடும் பொம்மை, மினுமினுக்கும் அட்டைகள், எல்லாம் இதில் தோற்றுப் போனவை. ஹேங்கர் ஜெயித்தது. ஊதிய பெரிய பலூன் மேலே போய், சின்னப் பூட்டு கீழே இறங்கிய நாளை நான் மறக்கவே மாட்டேன். "டீச்சர், தராசு பொய் சொல்லுது!" என்று கத்தினாள் நண்டு. ஒரு இடத்தில் நிற்காத பிள்ளை என்பதால் அந்தப் பெயர். டப்பாவுக்கு அடியில் யாராவது பிடித்து இழுக்கிறார்களா என்று குனிந்து வேறு பார்த்தாள்.

இந்தத் தராசைத்தான் ஹெச்.எம். குப்பை என்றார். பேசும் திரை ஒன்று வாங்கி வந்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை வெளியிலேர்ந்து ஆளுங்க வர்றாங்க. அதுக்குள்ள இந்த டப்பாவையெல்லாம் எடுத்துடுங்கம்மா."

"வாங்குறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்?"

"நாலு பேர் உக்காந்து பேசித்தான் வாங்கினோம்."

"அந்த நாலு பேர்ல யாருக்கு சார் ஆறு வயசு?"

சுவருக்கு இந்தப் பக்கம் நான் கைதட்டாமல் இருந்ததே பெரிய விஷயம்.

கடைசியில் திரையைத் தரையில் வைத்து, தராசை ஜன்னலிலேயே விட்டு, பிள்ளைகள் எதற்குத் திரும்பி வருகின்றன என்று பார்ப்பதாக முடிவானது. பிள்ளைகள் மொத்தமும் திரை மேல் விழுந்தன. ஹெச்.எம். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "பார்த்தீங்களா?"

"கொஞ்சம் இருந்து பாருங்க சார்."

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்று கிளம்பிவிட்டார்.

திரையிலும் ஒரு தராசு, ஒரு தட்டில் யானை, மற்றதில் எலி. எங்கே தொட்டாலும் யானைதான் இறங்கும், உள்ளிருந்து ஒரு குரல் சபாஷ் சொல்லும். நண்டு நாலு சபாஷ் வாங்கிவிட்டு, "இதுல என் செருப்பை எங்க வைக்கிறது?" என்று கேட்டாள். ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் எல்லாம் ஜன்னல் தராசுக்குத் திரும்பின. பார்க்க வேண்டிய மனுஷன்தான் அங்கே இல்லை!

மதியம் பியூன் வந்து ஹேங்கரைக் கழற்றினார். "மேலேர்ந்து சொல்லிட்டாங்க டீச்சர், என்னைத் திட்டாதீங்க."

"உங்களை ஏன் திட்டப்போறேன்? குடுங்க, நானே கொண்டு போறேன்."

கொண்டுபோய் மாட்டிய இடம், ஹெச்.எம். அறைக் கதவின் கைப்பிடி! பின்னாலேயே மொத்த வகுப்பும் ஆளுக்கு ஒரு செருப்போடு வராண்டாவில் உட்கார்ந்துவிட்டது. நானும் ஓடி வந்து ஓரமாக நின்றேன். சத்தம் கேட்டு அவர் கதவை இழுத்தார்.

"சார், ஆட்டாதீங்க! எடை போடுறோம்!" என்று கத்தினாள் நண்டு.

பாதி திறந்த கதவில் நின்றார், முகம் சிவந்து. "என்னம்மா இது கூத்து? மேல எழுதிப் போட்டேன்னா உங்க வேலை போயிடும், தெரியும்ல?"

"எழுதுங்க சார். ஆனா இந்தத் தடவை நின்னு பார்த்துட்டு எழுதுங்க." அக்காவின் குரலில் பயமில்லை, அத்தனையும் கோபம்.

அந்த நேரம் பார்த்து இடைவேளை மணி அடித்தது. செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் எல்லாம் மைதானத்துக்கு ஓடிவிட்டன.

"அவ்வளவுதான் உங்க தராசு," என்றார் ஹெச்.எம்.

காலி டப்பாக்கள் மட்டும் ஆடின.

இடைவேளை முடியவில்லை. அதற்குள் மூச்சு வாங்க ஓடி வந்தாள் நண்டு. ஒரு கையில் கூழாங்கல், இன்னொரு கையில் கசக்கிய காய்ந்த இலைகள். ஹெச்.எம்.மை ஏறெடுத்தும் பார்க்காமல் கல்லை ஒரு டப்பாவில் போட்டாள், இலைகளை மற்றதில் திணித்தாள். பின்னாலேயே இன்னும் மூன்று பேர், கைநிறைய மண்ணோடு.

"ஆட்டாதீங்க சார்," என்றாள் மறுபடியும்.

அவர் ஆட்டவில்லை. எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்க்கக் கழுத்து மட்டும் தானாக நீண்டது. அக்கா அதைப் பார்த்துவிட்டார். அக்கா பார்த்ததை அவரும் பார்த்துவிட்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"சரி, ஜன்னல்லயே மாட்டிக்குங்க. வெள்ளிக்கிழமை ஒருநாள் மட்டும் கழட்டி வைங்க."

"கழட்ட மாட்டேன் சார்," என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமையும் அது ஜன்னலில்தான் தொங்கியது.