நீல அட்டை தைத்த மூட்டைகள்

ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டி, தஞ்சாவூர் ரயிலடியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். கையில் சுருட்டிய ஒரு தாள். அதில் என் மூளையின் படம் இருந்தது. ஸ்கேன் மிஷின் போட்ட சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. ரைஸ்மில்லுக்குள் தலையைக் கொடுத்துவிட்டு வந்ததுபோல் இருந்தது.

அந்த ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்க வந்தவன் நான். டீக்கடைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். "பள்ளிக்கூடம் போயும் படிக்கச் சிரமப்படுற பெரியவங்க வேணுமாம், மூளையைப் படம் புடிக்கிறதுக்கு. நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. அதை யாரு படிக்கிறதாம்?" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் பால் சட்டிப் பக்கம் திரும்பியதும் போய்ப் பெயர் கொடுத்தேன்.

ஆராய்ச்சிக்கு வந்திருந்த டாக்டரம்மா என் அரைஞாண் கயிற்றில் இருந்த தாயத்தைக் கழற்றச் சொன்னார். "அரை மணி நேரம் தலையை அசைக்காம படுத்திருக்கணுங்க."

"நான் எந்த ஊர்லயும் அவ்வளவு நேரம் அசையாம இருந்ததில்லைங்க" என்றேன்.

உள்ளே, கண்ணுக்கு மேலே சிறு கண்ணாடி. அதில் சொற்கள் வந்தன. நிஜமான சொல் என்றால் ஒரு பொத்தான், சும்மா கட்டிவிட்ட சொல் என்றால் இன்னொன்று. எழுத்து ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். கூட்டிச் சொல்லாக்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். எட்டாம் வகுப்போடு நான் நின்றதும் இதனால்தான். வாத்தியார் சோம்பேறி என்றார். நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும், "எனக்கு என்னங்க கோளாறு?" என்று கேட்டேன்.

"உங்க ஒருத்தர் படத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. நிறைய பேரோடதைச் சேர்த்துப் பாக்கணும். ஆனா படிக்கிறப்போ மூளையில இடது பக்கம் பின்னால ஒரு இடம் வேலை செய்யும். உங்களை மாதிரி சிரமப்படுறவங்களுக்கு அது கம்மியா வேலை செய்யுதுன்னு முன்னாடியே பாத்திருக்காங்க. சோம்பேறித்தனம் இல்லைங்க இது."

அன்றே பெயின்ட் வேலையை விட்டுவிட்டு நீடாமங்கலம் கிளம்பினேன். அங்கே ஒருவரிடம் ஓர் உண்மையைச் சொல்லாமல் ஓடிவந்து பதினைந்து வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

அவர் விதைநெல் கடை முதலாளி. இருபது வயதில் அவரிடம் மூட்டை தூக்கினேன். அவ்வளவு சந்தோஷமாக வேறெங்கும் இருந்ததில்லை. குறுவைக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று தெரிந்தால் கடை வாசலில் வண்டிகள் நிற்க இடமிருக்காது. கிடங்குக்குள் நெல்லின் சூடான வாசம். மதியத்தில் மூட்டைகள் மேலேயே படுத்துத் தூங்குவோம்.

மூட்டை வாயில் நீல அட்டை தைத்திருக்கும். எல்லா ரகத்துக்கும் அதே நீலம். ரகத்தின் பெயர் எழுத்தில்தான் இருக்கும். இடது சுவரோரம் குறுவை, வலது சுவரோரம் சம்பா என்று இடத்தை வைத்தே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தடவை பூச்சிமருந்து அடிக்க அடுக்கை மாற்றியிருந்தார்கள். வெண்ணாற்றங்கரை விவசாயி ஒருவர் குறுவைக்கு விதை கேட்டார். வண்டியில் ஏற்றும்போதே எனக்குச் சந்தேகம். கேட்டிருக்கலாம். கேட்டால் படிக்க வராதது தெரிந்துபோகும். ஏற்றிவிட்டேன்.

ஆவணியில் மற்ற வயல்களில் கதிர் வந்தது. அவருடையது மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. அது சம்பா. ஐப்பசிக்கு முன்னால் கதிர் வராது. அதைப் பார்த்த அன்றே ரயிலேறினேன். திருப்பூரில் பனியன் கம்பெனி, சென்னையில் மேம்பாலம், சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் வீடு கட்டும் வேலை. கையில் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

நீடாமங்கலத்தில் இறங்கிக் கடைக்குப் போனபோது முதலாளி ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"அடப்பாவி, உசுரோடதான் இருக்கியா?"

எல்லாவற்றையும் சொல்லிப் படத்தைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"காலிஃப்ளவரை நறுக்கி வச்சாப்ல இருக்கு. இதுல எங்கடா கோளாறு?"

"இதைப் பாத்துச் சொல்ல முடியாதாம் முதலாளி."

சிரித்தார். பிறகு படத்தை என்னிடமே நீட்டினார். "அந்த மனுசன் அத்தனையும் அறுத்து மாட்டுக்குப் போட்டாரு. நீ ஏத்திவிட்ட மறுநாள் வந்து சொல்லியிருந்தாக்கூட நாத்தங்கால்லயே மாத்திக் குடுத்திருப்பேன். படிக்க வரலைன்னா உன்னை அடிச்சா தொரத்தியிருப்பேன்? ஒரு வார்த்தை கேக்கலியேடா."

படத்தைச் சுருட்டிக்கொண்டேன். அவர் ஷட்டரைப் பூட்டினார். "காலையில ஏழு மணிக்கு வந்துரு. குறுவைக்கு லோடு ஏத்தணும். ஆள் பத்தாது."

ஸ்டேஷன் பெஞ்சில் படுத்து எழுந்து, ஏழு மணிக்குப் போய் நின்றேன். வாசலில் மூன்று டிராக்டர். முதல் மூட்டையைத் தூக்கப் போனவன், நீல அட்டையைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தேன். "முதலாளி, இது என்ன ரகம்? எனக்குப் படிக்க வராது."

டிராக்டர்காரர் ஒருவர் களுக்கென்று சிரித்தார். முதலாளி எழுந்து வந்து, குனிந்து, சத்தமாகப் படித்துச் சொன்னார். ஏற்றினேன். அடுத்த மூட்டைக்கும் கேட்டேன்.