சிரிக்காமல் நின்ற படங்கள்

ரோஸ் பவுடர் வியர்வையில் குழைந்தால் லேசாகப் புளித்த ஒரு வாசனை வரும். செகந்திராபாத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ் ஒன்றின் பின்பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையில், கோடை தொடங்கியிருந்த ஒரு காலையில், அம்மா அக்காவின் கழுத்தில் அதை இரண்டாம் முறையாக அப்பிக்கொண்டிருந்தாள். அன்று "போட்டோ நாள்".

அப்பா ஒப்பந்தக் கூலியாக ரயில் பெட்டிகளைக் கழுவியவர். நெஞ்சு நோயால் அதையும் விட்டிருந்தார். அக்காவின் பள்ளிக் கட்டணம், சீருடை, மருத்துவப் பரிசோதனை, மாதம் ஒரு பை அரிசி பருப்பு எல்லாம் நாங்கள் "டிரஸ்ட்" என்று மட்டும் அழைத்த ஒரு அறக்கட்டளையிலிருந்து வந்தன. ஒவ்வொரு பிள்ளைக்கும் வெளிநாட்டில் ஒரு "ஸ்பான்சர்" உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை பிள்ளை கைப்பட எழுதிய நன்றிக் கடிதமும் ஒரு புகைப்படமும் அவர்களுக்குப் போகும். அக்கா அப்போது ஒன்பதாவது. கணக்கில் வகுப்பிலேயே முதல். டிரஸ்ட் நின்றால் பள்ளியும் நிற்கும் என்பது எட்டு வயதான எனக்கே தெரிந்திருந்தது.

மற்ற ஆண்டுகளில் பள்ளியிலேயே சீருடையோடு படம் எடுத்துவிடுவார்கள். அந்த ஆண்டு மட்டும், பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலைவாரி டிரஸ்ட் அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லிச் சீட்டு வந்தது. அரக்கோணத்துப் பக்கத்திலிருந்து வந்த அம்மாவுக்குப் போட்டோ என்றால் ஸ்டுடியோதான். தன் கல்யாணப் புடவையை வெட்டித் தைத்த பட்டுப் பாவாடையை எடுத்தாள், பக்கத்து வீட்டு ஜிமிக்கியை இரவல் வாங்கினாள், பின்னலில் மல்லிகையைச் சுற்றினாள், அப்பாவின் ஓடாத கைக்கடிகாரத்தை அக்காவின் மணிக்கட்டில் கட்டி, அது தெரியும்படி கையை மடித்து நிற்கச் சொன்னாள். எங்கள் பகுதிக்குப் பொறுப்பான கிரேஸ் மேடம் அன்று விடுப்பில் இருந்தார். புதிதாக வந்த புகைப்படக்காரர் எதுவும் கேட்கவில்லை. அக்கா எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தாள்.

பள்ளி திறந்த சில வாரங்களில் கிரேஸ் மேடம் அக்காவின் ஸ்பான்சர் எழுதிய ஒரு கடிதத்தோடு வீட்டுக்கு வந்தார். அதை ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னார். மிக மரியாதையான கடிதம் அது. குடும்பம் இந்த அளவுக்கு முன்னேறியிருப்பது படத்திலேயே தெரிகிறது, மனம் நிறைந்தது, இனி தங்கள் உதவி இதைவிடத் தேவையுள்ள ஒரு குழந்தைக்குப் போகட்டும் என்று எழுதியிருந்தார்கள்.

அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு கேட்டாள்: "போட்டோன்னா நல்லா உடுத்திக்கினுதானே மேடம் நிப்பாங்க? கம்மல் எங்களுது இல்லன்னு எழுதுங்க. வாட்ச் ஓடாதுன்னு எழுதுங்க."

"எழுதிட்டேம்மா," என்றார் கிரேஸ் மேடம். "ஸ்பான்சர் வேணாம்னா வேணாந்தான். மேல இருக்கிறவங்க அதுக்கு மேல பேச மாட்டாங்க."

அவர் கெட்டவர் அல்ல. ஒரு வழியும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார். அக்காவின் வயதுக்குப் புதிதாகப் பதிவு செய்ய விதி இடம் தராது, வீட்டுக்கு ஒரு பிள்ளை என்ற கணக்கில் இப்போது ஒரு இடம் காலி, சின்னவளைச் சேர்க்கலாம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, இந்த முறை படத்துக்குப் பார்த்து அனுப்புங்கள் என்றும் சொன்னார்.

படத்துக்கு என்னைத் தயார் செய்தது அக்கா. சுவரில் டிரஸ்ட் கொடுத்த காலண்டர் தொங்கியது. மாதத்துக்கு ஒரு குழந்தையின் முகம். அதை எடுத்துத் தரையில் விரித்து, தேர்வுக்குப் படிப்பதைப் போல வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் பழைய கவுனின் கை ஓரத் தையலைப் பிளேடால் பிரித்தாள். மூன்று நாள் எனக்குத் தலைக்கு எண்ணெய் வைக்க விடவில்லை. அம்மா அந்தப் பக்கமே வரவில்லை, அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நக்கோ, பல்லைக் காட்டாதே," என்றாள் அக்கா. 'வேண்டாம்' என்பதற்கு எங்கள் தெருவில் எல்லோரும் சொல்லும் உருதுச் சொல் அது. "அழவும் செய்யாதே, அழுதா நடிக்கிறேன்னு தெரிஞ்சிடும். கேமராவப் பாரு. கடைக்காரன் பாக்கி சில்லறை தரணும், நீ நின்னுக்கினே இருக்கே. அப்படிப் பாரு."

அப்படியே பார்த்தேன். மழைக்காலம் முடிவதற்குள் எனக்கு ஒரு ஸ்பான்சர் கிடைத்துவிட்டார். அதே மாதம் அக்கா செகந்திராபாத் கடைவீதியில் ஒரு துணிக்கடையில் புடவை மடிக்கும் வேலைக்குப் போனாள்.

நான் படித்தேன். பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தேன். உதவி பெறும் குழந்தைகளின் படங்கள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன. அவற்றில் எது அச்சுக்குப் போகும் என்பதை முடிவு செய்பவர்களில் நானும் ஒருத்தி. சிரிக்கும் குழந்தையின் படத்தை நானும் சில முறை ஒதுக்கியிருக்கிறேன். செய்திக்குப் பொருந்தவில்லை என்று காரணமும் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். டிரஸ்ட்டும் சென்ற ஆண்டு இங்கே தன் அலுவலகத்தை மூடியது. பழைய மாணவர்கள் தங்கள் கோப்புகளைப் பெற்றுக்கொள்ளலாம் என்று தகவல் வந்ததும் போனேன். என் கோப்பில் ஆண்டுக்கு ஒன்றாக ஒன்பது படங்கள் இருந்தன. அக்காவின் கோப்பைக் கேட்டேன். இடையில் நின்றவர்களின் கோப்புகளை ஐந்து ஆண்டுக்கு மேல் வைத்திருப்பதில்லை என்றார்கள். எங்களிடம் கேமரா இருந்ததில்லை. பட்டுப் பாவாடையில் சிரித்த அந்த முகம் இனி எங்கேயும் இல்லை.

அன்று மாலை குகட்பள்ளியில் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் இன்னும் துணிக்கடையில்தான் இருக்கிறாள். "என்னுது இருந்துச்சா?" என்றாள். இல்லை என்றேன். தலையாட்டிவிட்டு என் ஒன்பது படங்களையும் தரையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். ஒன்றிலும் நான் சிரிக்கவில்லை.

"நல்லா நின்னிருக்கேடி," என்றாள்.