மூத்தாரின் வெளிநாட்டுக் கத்திகள்

என் கணவரின் அண்ணனுக்கு, எங்கள் பக்கத்துப் பேச்சில் சொன்னால் என் மூத்தாருக்கு, ஒரு பொருளின் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே நம்புகிற குணம். ஜப்பான் என்று எழுதியிருந்தால் எரியாத டார்ச் லைட்டும் அவருக்கு நல்ல டார்ச் லைட்தான். அது எரியவில்லை என்று நாம் சொன்னால் நமக்குத்தான் சுவிட்ச் போடத் தெரியவில்லை.

ஆண்டிமடத்துக்கு வெளியே அவர் ஒரு முந்திரி நர்சரி வைத்திருந்தார். ஒட்டுக்கன்று தயார் செய்து விற்பார். தயார் செய்தவர்கள் அவருடைய மனைவியும் கூலிக்கு வந்த ஏழு பெண்களும். விற்றது மட்டும் அவர். ஓரகத்தி முறையானாலும் அவர் மனைவியை நான் அக்கா என்றே கூப்பிடுவேன். நான் கல்யாணமாகி வந்தபோதே வேலையில் இருந்தவள். பி.எஸ்ஸி. வேதியியல் படித்துவிட்டு அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் ஒப்பந்த வேலை. காலை பஸ் பிடித்து ஜெயங்கொண்டம் வழியாகப் போய் சாயங்காலம் திரும்புவேன். மூத்தார் அதை "மாவு சலிக்கிற வேலை" என்பார்.

அரியலூர் தனி மாவட்டமாகி, கொஞ்ச நாளிலேயே மறுபடியும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டிருந்த சமயம் அது. எந்த ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று தேடிப் பெரம்பலூருக்குப் போய் வந்த மூத்தார், ஒரு நாள் அங்கே கடை வைத்திருந்த சிநேகிதரிடமிருந்து பன்னிரண்டு மடக்குக் கத்திகளோடு திரும்பினார். கறுப்புப் பிடி, கண்ணாடி மாதிரி மின்னுகிற அலகு, அலகில் வெளிநாட்டுப் பெயர், அதற்குக் கீழே ஸ்டெயின்லெஸ் என்று ஆங்கிலத்தில். அன்று முழுக்க ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் திறந்தும் மடக்கியும் காட்டினார். பெண்கள் அதுவரை வைத்திருந்த, பிடி போய்க் கயிறு சுற்றிய பழைய கத்திகளை மறுநாளே பழைய இரும்புக்காரரிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கினார். அந்தப் பழத்தில் நானும் நாலு தின்றேன். நன்றாகவே இருந்தது.

ஒட்டுக் கட்டுவதில் பாதி வேலை கத்தியுடையது. பையில் முளைத்து வளர்ந்த கன்றின் தலையைச் சீவிவிட்டு, தண்டை நடுவில் விரல் நீளத்துக்குப் பிளக்க வேண்டும். நல்ல மரத்திலிருந்து எடுத்த குச்சியை இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி சீவி அந்தப் பிளவில் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு வெட்டும் ஒரே இழுப்பில் வழவழவென்று விழ வேண்டும். கத்தி மழுங்கியிருந்தால் தண்டு வெட்டுப்படாது, நசுங்கும். நசுங்கிய இடம் ஒட்டாது. மூன்று வாரத்தில் குச்சி கறுத்துப்போகும்.

புதுக் கத்திகள் முதல் பத்துக் கன்று வரை நன்றாக வெட்டின. பிறகு தேய்க்க வேண்டும். தேய்த்தால் இன்னொரு பத்து. அந்தப் பெண்கள் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் கட்டுகிறவர்கள். அரை நாள் சாணைக்கல்லிலேயே போனது. முந்திரிப் பால் பட்ட இடமெல்லாம் அலகு கறுத்தது, மழை ஈரத்தில் துருவும் ஏறியது. ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருந்த இடத்தில்தான் முதல் துரு.

மூன்று வாரம் கழித்துக் கன்றுகள் வரிசை வரிசையாகச் செத்தன. மூத்தார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசைகளுக்கு நடுவில் நடந்தார். எல்லாவற்றையும் பார்த்தார், கத்தியைத் தவிர.

"கையில ராசி வேணும். இப்ப வர்ற பொம்பளைங்களுக்கு வேலையில புத்தி இல்ல" என்றார்.

மீன்சுருட்டியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண் அங்கே உண்டு. எட்டுப் பேரில் அவள் கட்டுகிற ஒட்டுதான் எப்போதும் அதிகம் பிடிக்கும். அவள் எழுந்து தன் கத்தியை நீட்டினாள்.

"கையில ஒண்ணும் இல்லீங்க. இந்தக் கத்தி கூரு நிக்கல. நீங்களே தொட்டுப் பாருங்க."

"வெளிநாட்டுக் கத்தியவே குத்தம் சொல்றியா? நாளையிலேருந்து வராத."

நான் பஸ்ஸுக்குக் கிளம்பிச் சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்றிருந்தேன். இரும்பின் கடினத்தைப் பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. அவள் சொன்னது சரியாக இருக்கும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. பஸ் வந்துவிடும் என்று போய்விட்டேன்.

அதற்குப் பிறகும் கன்றுகள் செத்தன. கூலிப் பெண்களில் இன்னொருத்தியையும் நிறுத்தினால் வேலை ஓடாது என்பதால், பேச்சு வாங்குவதற்கு அக்கா மட்டும் மிஞ்சினாள். ஒரு நாள் காலை சமையலறையில் என்னிடம் ஒரு கத்தியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அழுத்தி அழுத்தி அவள் கட்டைவிரலில் கொப்புளம் உடைந்திருந்தது.

"இந்தச் சனியன உன் ஆலையில என்னன்னு பாரேன்."

ஆலையில் கல் உடைக்கிற சுத்தியல்களும் அரைக்கிற உருண்டைகளும் வந்தால் ஒரு மெஷினில் வைத்துப் பார்ப்போம். வைரமுனை ஒன்று இரும்பில் அழுந்தும். எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதை வைத்து முள் ஒரு எண்ணைக் காட்டும். எண் கூடினால் கடினம் கூடுதல். சோதனைக்கூடத்துப் பொறுப்பாளரைக் கேட்டேன்.

"மெஷின் சும்மாதானம்மா கெடக்கு, பாருங்க" என்றார்.

நாற்பத்து நான்கு காட்டியது. இன்னும் இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தேன். நாற்பத்து நான்குதான். கூர் நிற்க வேண்டிய கத்திக்கு ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் விளிம்பு தேய்வதற்கு முன்பே மடங்கிவிடும். பொறுப்பாளர் அலகை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"இது கத்தி இல்லம்மா, கரண்டி. உப்புமா கிண்டலாம்."

ஆணியைத் தட்டிப் பிடியைக் கழற்றினேன். அரத்தால் லேசாகத் தேய்த்ததும் மினுமினுப்பு எல்லாம் தோல் மாதிரி உரிந்தது. மேலே பூச்சு, உள்ளே சாதா எஃகு. பிடிக்குள் மறைந்திருந்த பகுதி நீலம் பாய்ந்து கிடந்தது. செய்கிற இடத்தில் சூடு அதிகமாகி டெம்பர், அதாவது எஃகின் விறைப்பு, போயிருக்கிறது. எஃகைக் குறை சொல்ல முடியாது. சூட்டை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் அது நல்ல கத்தியாகவே ஆகியிருக்கும். கொடுக்கத் தெரியாதவன் கையில் கிடைத்து, மேலே ஒரு பெயரையும் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது.

சாயங்காலம் மூத்தாரிடம் சொன்னேன்.

"மாமா, கத்தியில கடினம் பத்தல. மெஷின்ல வச்சுப் பாத்தேன்."

"சிமெண்ட் மெஷினுக்குக் கத்தியப் பத்தி என்னா தெரியும்? அதுக்குக் கல்லத் தெரியும், மண்ணத் தெரியும்."

என் கணவரைப் பார்த்தேன். அவர் பேப்பரை மடித்துவிட்டு, "ரெண்டு பேரு சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு" என்றார். அவர் வாழ்நாளில் பாதி வாக்குவாதங்களை இந்த ஒரு வாக்கியத்தைக் கொண்டே சமாளித்தவர்.

ஆனாலும் கடினம் என்கிற சொல் மூத்தார் காதில் விழுந்திருந்தது. பெரம்பலூர் சிநேகிதருக்குப் போன் போனது. மறுநாளே அவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மூத்தார் அவரை எஞ்சினியர் என்று கூப்பிடுவார். என்ன எஞ்சினியர் என்று யாரும் கேட்டதில்லை.

"கடினந்தான வேணும்? ஏத்திடுவோம். செவக்கச் செவக்கக் காய வச்சுத் தண்ணியில போட்டா வைரந்தான்" என்றார்.

ஆறு கத்திகளை ஜெயங்கொண்டம் ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப்போய், கேஸ் வெல்டிங் தீயில் சிவக்கக் காட்டி, வாளித் தண்ணீரில் போட்டு எடுத்து வந்தார்கள். பூச்சு கருகி வெளிநாட்டுப் பெயரும் போய்விட்டிருந்தது. அதில் மட்டும் மூத்தாருக்கு வருத்தம். தீட்டி வெட்டிப் பார்த்தபோது முதல் வெட்டு வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது.

"பாத்துக்க" என்றார் என்னைப் பார்த்து.

அக்கா அடுத்த கன்றைப் பிளந்து, குச்சி செருகுவதற்காகக் கத்தியை லேசாகத் திருப்பினாள். டிக் என்றது. முனை உடைந்து தண்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. மற்ற ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக ரம்பப் பல்லாயின. உடைந்த ஒன்றை ஆலைக்கு எடுத்துப்போய்ப் பார்த்தேன். அறுபத்து மூன்று. அந்தக் கடினத்தை அப்படியே விட்டால் எஃகு கண்ணாடிக்குச் சமம். இப்படிச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் துவைச்சல் கொடுத்த பிறகு மறுபடியும் இளஞ்சூட்டில் வைத்து அந்த முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும். வந்து சொன்னேன்.

"நாப்பத்து நாலு அறுபத்து மூணு ஆயிருக்குல்ல? மார்க்கு கூடத்தான செஞ்சிருக்கு" என்றார் மூத்தார். எஞ்சினியர் காபியைக் குடித்துக்கொண்டே தலையாட்டினார்.

மிச்சமிருந்த கத்திகளை மறுநாள் அக்காவே பொறுக்கி என் பையில் போட்டாள். மூத்தாரிடம் கேட்கவில்லை. பதினைந்து வருடக் குடித்தனத்தில் அவரிடம் கேட்காமல் அவள் செய்த முதல் காரியம் அது என்று பின்னால் சொன்னாள்.

சனிக்கிழமை மதியம் பொறுப்பாளர் அனுமதியோடு, சிமெண்ட் மாதிரிகளை எரித்துப் பார்க்கிற மின்உலையில், பிடியைக் கழற்றிவிட்டு அவற்றை வைத்தேன். பழுத்த சிவப்பு வந்ததும் எடுத்து எண்ணெயில் இறக்கினேன். தண்ணீர் மாதிரி அதிரடியாகக் குளிர்விக்காது எண்ணெய். அதன் பிறகு இருநூறு டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம். நானும் ஒன்றைக் கெடுத்தேன். சரியாக வருமா என்ற பதற்றத்தில் ஓவனைக் கூட்டி வைத்து, அது நீலம் பாய்ந்து மறுபடி கரண்டியாகிவிட்டது. மற்றவை தேய்த்த இடத்தில் வைக்கோல் மஞ்சளாக வந்தன. முள் ஐம்பத்தெட்டில் நின்றது. அந்த எண்ணை யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. காட்ட ஆள் இல்லாததால் நானே இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.

அக்கா அவற்றைக் கல்லில் தீட்டி, மூத்தாரின் பழைய தோல் பெல்ட்டில் இழுத்து வேலைக்கு எடுத்தாள். காலையில் ஆரம்பித்தவள் மதியச் சோறு வரைக்கும் கல்லைத் தொடவில்லை. நடுவில் பெல்ட்டில் இரண்டு இழுப்பு, அவ்வளவுதான். மூன்று வாரத்தில் குச்சிகளில் தளிர் விட்டது. வரிசை முழுக்கச் செம்பு நிறத் தளிர்.

மூத்தார் வந்து பார்த்தார். உலைச் சூட்டில் கறுத்துக் கிடந்த கத்தி ஒன்றை எடுத்துப் புரட்டினார்.

"பால்ல கறுத்துருக்கு. நல்ல கத்தின்னா அப்படித்தான், பழகப் பழகத்தான் வெட்டும். நான் சொன்னனா இல்லியா?"

அடுத்த வாரமே சிநேகிதரிடமிருந்து இன்னும் இரண்டு டஜன் வாங்கினார்.

ஐப்பசியில் பெரம்பலூரிலிருந்து தோட்டக்கலை அதிகாரி ஒருவர் நர்சரியைப் பார்க்க வந்தார். எனக்கு அன்று விடுமுறை. கன்றுகள் நன்றாக இருக்கின்றன என்று அவர் பாராட்டியதும் மூத்தார் வெளிநாட்டுக் கத்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேச்சு நீண்டது. அக்கா மேசையிலிருந்து புதிதாக வந்த கத்தி ஒன்றை எடுத்து மூத்தார் முன்னால் வைத்தாள்.

"சாருக்கு நீங்களே ஒண்ணு கட்டிக் காட்டுங்களேன்."

குரலில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. மூத்தார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் கன்றில் தண்டு நசுங்கியது. இரண்டாவது கோணலாகக் கிழிந்தது. மூன்றாவதில் கத்தி வழுக்கி மண்ணில் குத்தியது. அதிகாரி மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, கறுத்த கத்தியை எடுத்து நாலாவது கன்றை முடித்துக் காட்டினாள்.

"சாளேசுரம் வந்துருச்சு போல. கிட்டத்துல சரியாத் தெரிய மாட்டேங்குது" என்றார் மூத்தார்.

அந்த வாரமே டவுனுக்குப் போய்க் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டார். கத்தி கெட்டதென்று சொல்வதைவிடக் கண் கெட்டதென்று சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்தது.

அன்று நான் அனுபவித்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. ராத்திரி சாப்பிடும்போதுதான் மீன்சுருட்டிப் பெண் ஞாபகம் வந்தாள். அவளை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. விசாரித்ததில் பாடாலூரில் தன் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பஸ் மாறிப் போனேன். ரோட்டோரக் கொட்டகையில் சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, ஒரு சாக்கை மட்டும் உட்காரத் தள்ளிப் போட்டாள். மெஷினில் பார்த்தது, உலையில் வைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். பெருமையாகவே சொல்லியிருக்க வேண்டும்.

"அப்ப கத்தி சரியாயிடுச்சு" என்றாள்.

"சரியாயிடுச்சு. நீ திரும்ப வரணும்."

"நான் விரல வச்சுப் பாத்துச் சொன்னேன். அன்னைக்கு நீங்களும் வாசல்லதான நின்னீங்க?"

"ஆமா."

"மெஷினு சொல்றதுக்கு எத்தினி நாளு ஆச்சு?"

அவள் அடுத்த கொத்தை எடுத்துத் தாளை அறுத்தாள். அவ்வளவு நாள் மூத்தாரை ஏளனமாகவே பார்த்துப் பழகியிருந்தேன். அவர் அலகில் இருந்த எழுத்தை நம்பினார். நான் முள் காட்டுகிற எண் வருவதற்காகக் காத்திருந்தேன். வேலை தெரிந்த ஒருத்தியின் வாய்ச்சொல் எங்கள் இரண்டு பேருக்குமே போதவில்லை. கிளம்பும்போது, "திரும்புற பஸ்ஸுக்கு ரோட்டுக்கு எதித்தாப்புல நிக்கணும்" என்று வழி மட்டும் சொன்னாள்.

பிறகு அக்கா நேரில் போய்க் கேட்டும் அவள் வரவில்லை. அடுத்த வருடம் வரதராசன்பேட்டைப் பக்கம் ஒரு நர்சரியில், எட்டுப் பெண்களை வைத்துக்கொண்டு அவளே முன்னின்று ஒட்டுக் கட்டுகிறாள் என்று கேள்விப்பட்டோம். எங்களிடம் கன்று வாங்கியவர்களில் பாதிப் பேர் அங்கே போக ஆரம்பித்தார்கள். மூத்தார் புதுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே காரணம் சொன்னார்.

"அந்தப் பக்கம் மண்ணு நல்ல மண்ணு."