நாற்று நடாதவனின் இடுப்பு

நேற்றுத் தக்காளி நாற்று வாங்கிய கடையில் ஒரு துண்டுத்தாளும் கொடுத்தார்கள். தோட்ட வேலைக்கு முன் உடம்பை எப்படி நீட்டி வளைக்க வேண்டும் என்று படம் போட்டிருந்தது. பார்த்ததும் சிரித்துவிட்டேன். அது அப்படியே சுகந்தன் அண்ணா.

ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து, படிப்பு முடித்து வேலை தேடிய மாதங்களில் சனிக்கிழமைதோறும் அவரோடு புல் வெட்டப் போவேன். யாழ்ப்பாணத்துக்காரர், வேனும் மெஷினும் அவருடையவை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் டிரைவ்வேயில் நின்று கையைத் தூக்கி, காலை நீட்டி, உடம்பை முறுக்குவார். வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியே பார்ப்பார்களே என்று எனக்குத்தான் கூச்சம்.

"நீரும் கொஞ்சம் வளைஞ்சு நிமிரும் ஐசே. நாரி பிடிச்சிடும்." நாரி என்றால் அவருக்கு இடுப்பு.

"நாங்க நாத்து நட்ட பரம்பரைண்ணா. எங்கம்மா நாள் பூரா குனிஞ்சு நிப்பாங்க."

"ஓம், அம்மா நிப்பா. நீர்?"

மெஷினை இறக்கப் போய்விட்டேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். வயலில் கால் வைத்தாலே அப்பா விரட்டுவார். இருந்தும் அம்மாவின் இடுப்பு எனக்கும் தானாக வந்திருக்கும் என்றுதான் நம்பினேன்.

பிளாக்டவுனில் ஒரு வீடு. காலை முழுதும் முழங்காலை மடக்காமல் குனிந்து களை பிடுங்கினேன், அம்மா மாதிரி. பிறகு நிமிர முடியவில்லை. திங்கட்கிழமை எனக்கு இன்டர்வியூ. நான்கு மாதத்தில் வந்த ஒரே அழைப்பு. புல் மூட்டைகளோடு என்னையும் வேனில் கிடத்திக்கொண்டு போனார் அண்ணா. "அங்கையும் இப்பிடியே குனிஞ்சு கும்பிட்டபடி போம், உடன வேலை தருவாங்கள்." சிரிக்கவும் முடியாமல் வலித்தது.

படுத்தபடி அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"நாங்க மட்டும் சும்மாவாடா குனிஞ்சோம்? வரப்புல வரிசையா நின்னு, இடுப்புல கைய ஊனி, நல்லா பின்னாடி வளைஞ்சுட்டுதான் எறங்குவோம். நீ எங்க பாத்த? பள்ளிக்கூடத்துல இருந்த."

ஞாயிறன்று அண்ணா வந்து, சுடுநீர்ப் பையை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வைத்தார். திங்கட்கிழமை நேராகத்தான் நடந்து போனேன், ஏறக்குறைய நேராக. வேலை கிடைத்தது.

அண்ணா இப்போது மெல்பேர்னில், பொயிண்ட் குக்கில். அந்த பிளாக்டவுன் வீட்டை இடித்து இரட்டை வீடு கட்டிவிட்டார்கள். களை முளைக்கச் சாண் மண் இல்லை. ஊரில் நடவுக்கு மெஷின் வந்துவிட்டது. வரப்பில் பத்துப் பெண்கள் சேர்ந்தாற்போல் பின்னால் வளைந்த காலைகளை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இனிப் பார்க்கவும் வழியில்லை. அதைச் சொல்லி அம்மாவிடம் வருத்தப்பட்டேன்.

"போடா, எனக்கு இப்பதான் ராத்திரி மல்லாந்து படுக்க முடியுது" என்றாள்.